வெள்ளிப்பூண் கட்டிய கருங்காலி

போன மாசம் பாடியில் ஒரு லேசர் கட்டிங் கடையில் பெயர்ப்பலகை ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கொரட்டூரிலிருந்து வந்த ஒரு அக்கா. வீட்டிலிருந்தே தோடு, ஜிமிக்கி செய்து விற்பவர். போனில் ஒரு படம் காட்டினார்: ஜன்னல் கம்பி மாதிரி நுணுக்கமாக வெட்டிய கறுப்பு மரத்தோடு.

"இதே மாதிரி, ஆனா கருங்காலியில வேணும் தம்பி. இப்ப எல்லாரும் அதான் கேக்கறாங்க."

கடைக்காரத் தம்பி சிரித்தார். "வெட்டித் தரேன்க்கா. ஆனா எந்தக் கருங்காலி?"

"ஏன், எத்தன இருக்கு?"

அவருக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. "ரெண்டு இருக்குன்னு மரக்கடைல சொல்றாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ரெண்டைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. கருங்காலியில் தொடங்கி வேறு எங்கெங்கோ போய்விட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய விஷயம். மரத்தில் நகையா என்று யாராவது புருவம் தூக்கினால், காதில் போடுவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓலை என்றால் பனையோலை. தோடு என்றால் பூவிதழ், ஓலை. குதம்பை என்பது காதுத் துளையைப் பெரிதாக்கச் செருகும் ஓலைச் சுருள். அதை அணிந்த பெண்ணை அழைத்துப் பாடியதால்தான் ஒரு சித்தருக்கே குதம்பைச் சித்தர் என்று பெயர். பாம்படம், தண்டட்டி போட்ட தென்மாவட்டப் பாட்டிகளின் காது ஒரே நாளில் அப்படித் தொங்கிவிடவில்லை. பஞ்சு, நெட்டி, ஓலைச் சுருள், அப்புறம் ஈயக் குணுக்கு என்று படிப்படியாக வளர்த்த காது அது. பொன் வந்தபோது பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. இன்று நகைக்கடையில் 'வைர ஓலை' கேட்கிறவர்கள் யாரும் பனைமரத்தை நினைப்பதில்லை.

இதில் பாடிக்காரர்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய முதல் பதிகம் சிவனின் காதுத் தோட்டில்தான் தொடங்குகிறது. அது சீர்காழிப் பதிகம். முதல் திருமுறையில் அதற்கு இரண்டு இடம் தள்ளி, மூன்றாவதாக இருப்பது திருவலிதாயம். அதாவது பாடி சிவன் கோயில். மேம்பாலமும் துணிக்கடையும் வருவதற்கு 1,300 வருஷம் முன்னாலேயே தோட்டுக்கும் பாடிக்கும் அவ்வளவு கிட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. (இதற்கும் லேசருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஓலையும் மரமும் மண்ணில் மக்கிப்போகும். அகழாய்வில் சுடுமண் காதணி கிடைக்கும், தந்தம் கிடைக்கும், பொன் கிடைக்கும். மரத்தோடு கிடைப்பது அபூர்வம். அதனால் மர நகையின் வரலாற்றை அருங்காட்சியகத்தை விட அகராதியில்தான் அதிகம் தேட வேண்டியிருக்கிறது. அங்கேதான் சிக்கலும். பொருள் போய்ப் பெயர் மட்டும் நின்றால், அந்தப் பெயரில் எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

சரி, கருங்காலிக்கு வருவோம்.

2022, 2023 வாக்கில் சினிமாக்காரர்கள் கழுத்தில் கருங்காலி மாலை தெரிய ஆரம்பித்தது. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கோயில் வாசல், ரயில் நிலையம், ஆன்லைன், எங்கும் கறுப்பு மணி. கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் மணிக்கு மணி வெள்ளிக் குப்பி போட்டது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 'கருங்காலி உலக்கைக்கு வெள்ளிப் பூண் கட்டினாற்போல' என்ற பழமொழி ஞாபகம் வருகிறது. உலக்கை வலுவான கட்டை. நுனி பிளக்காமலிருக்க அதற்கு இரும்புப் பூண் போடுவார்கள், அதில் போய் வெள்ளியா என்ற கிண்டல் அது. இன்று அந்தக் கிண்டலையே ஒரு நகையாகச் செய்து விற்கிறோம்.

இந்த மாலைக்குச் சொல்லப்படும் காரணம் செவ்வாய் கிரகம். மிருகசீரிட நட்சத்திரத்துக்குரிய மரம் கருங்காலி, நவக்கிரக ஹோமத்தில் செவ்வாய்க்கான சமித்து கருங்காலி என்பார்கள். தமிழ்நாட்டில் எந்தக் கோயில் நட்சத்திர வனத்திலும் பலகை இப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த சமித்துப் பட்டியல் பழைய சமஸ்கிருத நூல்களிலிருந்து வருவது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் ஒன்பது கிரகத்துக்கும் ஒன்பது சமித்து வரிசையாக இருக்கிறது: சூரியனுக்கு எருக்கு, சந்திரனுக்குப் பலாசு, செவ்வாய்க்கு கதிரம். கதிரம் என்பது நம்ம ஊர் வெற்றிலை பாக்கோடு போடுகிற காசுக்கட்டி எடுக்கும் மரம். முள் உள்ளது, வேல மரத்தின் சொந்தக்காரன். தாவரவியலில் அகேசியா கட்டெச்சு என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டது. சித்த மருத்துவத்தில் கருங்காலிப் பட்டை என்றாலும் இதே மரம்தான். கேரளாவில் ஓட்டலில் உட்கார்ந்ததும் கரிங்காலி போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வைப்பார்களே, அந்தக் கரிங்காலியும் இதுவே. இதன் நடுக்கட்டையின் நிறம் கறுப்பில்லை, செம்பழுப்பு. செவ்வாய் சிவப்புக் கிரகம் என்பதை நினைத்தால் பொருத்தமாகத்தான் படுகிறது.

அப்படியானால் கழுத்தில் இருக்கும் கறுப்பு மணி?

அது, உண்மையான சரக்காகவே இருந்தால், இன்னொரு கருங்காலி. டயோஸ்பைரோஸ் எபெனம். ஆங்கிலேயர் எபனி என்றது. தென்னிந்தியாவின் உலர்ந்த பசுமைக் காடுகளிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் வளர்வது, முள் கிடையாது, இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அடிமரம் கறுத்துத் தெரிவதால் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்திருக்கலாம். கறுத்த காலை உடையது, கருங்காலி.

ஆக, சாஸ்திரப்படி வேண்டும் என்று கேட்பவருக்குச் சேர வேண்டியது செம்பழுப்பு மணி. அவர் 'கறுப்பா இருந்தாத்தான் ஒரிஜினல்' என்று நம்பி வாங்குவது சாஸ்திரம் சொல்லாத மரம். வியாபாரிகள் சொல்லும் சோதனைகளைக் கவனித்தால் இன்னும் வேடிக்கை. 'தண்ணியில போட்டா முழுகணும்' என்பார்கள். எபனி முழுகும்தான்; காசுக்கட்டி மரத்தின் நடுக்கட்டையும் கனமானதுதான். 'ஊற வச்சா தண்ணி செவக்கணும்' என்பது இன்னொரு சோதனை. அது காசுக்கட்டி மரத்தின் குணம். கறுப்பு மணியை ஊற வைத்துத் தண்ணீர் சிவந்தால் சாயம் போகிறதோ என்று சந்தேகப்படுவதுதான் நியாயம். ஒரே பெயரில் இரண்டு மரங்களின் இலக்கணமும் கலந்துபோய், வெளிர்மரத்தை உருட்டிக் கறுப்புச் சாயத்தில் முக்குகிறவனுக்கு வசதியாகிவிட்டது.

எபனியைத் தவறாக அடையாளம் கண்டது நாம் மட்டுமில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம்ம சோழமண்டலக் கரையில் தச்சர்கள் எபனியில் நாற்காலி, கட்டில், பெட்டி என்று நெருக்கமான பூவேலைப்பாட்டோடு செய்து ஐரோப்பியக் கம்பெனிக்காரர்களுக்கு விற்றார்கள். அந்த நாற்காலிகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. நூறு வருஷம் கழித்து, ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அவற்றைத் தேடித்தேடி வாங்கித் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் போட்டு வைத்தார். ட்யூடர் ராஜாக்கள் காலத்து இங்கிலீஷ் நாற்காலி என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் வாங்கினார்கள். நம்ம கரையோரத் தச்சர் செதுக்கியது இங்கிலாந்தின் தொன்மையாகிவிட்டது.

இந்தச் சொல்லுக்குப் பாடி வட்டாரத்தில் இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா என்று பாடியில் வரிசையாக ஆலைகள் வந்தன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இந்தப் பக்கம் ஷிப்ட் போன எந்தக் குடும்பத்திலும் பெரியவர்களைக் கேளுங்கள்: கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போய் வேலை பார்க்கிறவன். கேட்டில் நின்று கத்துகிற வசவு. ஆங்கிலத்தில் அவனைப் 'பிளாக்லெக்' என்பார்கள், அதன் நேர் மொழிபெயர்ப்பு என்பது ஒரு விளக்கம். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுகிற மரம் என்பது இன்னொன்று. எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது; இரண்டாவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கதை போலிருக்கிறது. எப்படியோ, அப்பா தலைமுறையில் யாரும் தன்மேல் விழ விரும்பாத சொல், மகன் தலைமுறையில் காசு கொடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் சொல்லாகியிருக்கிறது.

அதே 1964-ல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தார். மகாராஷ்டிராவில் பாராமதியில் பிறந்தவர். பாடிக் கடையில் மரத்தை வெட்டும் மெஷினுக்குள் இருப்பது அந்த லேசரின் பேரப்பிள்ளைதான். அதன் ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரம் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய இடம் எரிந்து ஆவியாகும். ரம்பம் மாதிரி அறுப்பதில்லை, கோடு போட்டு எரிக்கிறது. வெட்டிய விளிம்பு கருகியிருப்பது அதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டால் கருங்காலித் தோடு லேசருக்கு ஏன் ஒத்துவராது என்பது விளங்கிவிடும். லேசர் வேலையின் அழகே வெளிர்மரத்தில் கருகிய கோடு. கறுப்பு மரத்தில் பூ பொறித்தால் கறுப்பின்மேல் கறுப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். மரம் அடர்த்தியாக இருப்பதால் மெதுவாக ஓட்ட வேண்டும், மெதுவாக ஓட்டினால் அதிகம் கருகும். எபனியில் கறுப்பு என்பது நடுக்கட்டை மட்டும், சுற்றியிருப்பது வெளிர்மரம். அந்த நடுக்கட்டை தேற மரம் முற்ற வேண்டும், மரமோ மிக மெதுவாக வளர்வது. (நடுக்கட்டைக்குத் தமிழில் வைரம் என்று பேர் வைத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வைரத்தோடு வேண்டாம் என்று மரத்தோடு கேட்டாலும் வைரம் பாய்ந்த கட்டையில்தான் வந்து நிற்கிறோம்.)

"அப்ப செம்மரம்?" என்று அந்த அக்கா அடுத்துக் கேட்டார். செம்மரத்தில் செய்த மரப்பாச்சி அவர் வீட்டுக் கொலுவில் இருக்கிறதாம். அதே நிறத்தில் தோடு செய்தால் நன்றாக இருக்குமே என்றார். நியாயமான ஆசை.

பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியே போகிற எம்.டி.எச். ரோட்டை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மெட்ராஸ் – திருவள்ளூர் ஹை ரோடு. அதிலேயே நேரே போனால் திருத்தணி, புத்தூர், திருப்பதி. திருப்பதிக்குப் பின்னால் சேஷாசலம் மலை. செம்மரம் உலகத்தில் இயற்கையாக வளர்வது அந்த மலையிலும் அதை ஒட்டிய கடப்பா, சித்தூர், நெல்லூர் மலைத்தொடர்களிலும்தான். தமிழ்நாட்டு எல்லையோரமாகக் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். செஞ்சந்தனம் என்று சொன்னாலும் அதற்கும் சந்தனத்துக்கும் உறவில்லை, வாசனையும் கிடையாது. வேங்கையின் தம்பி அது, அவரைக் குடும்பம். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த 17ஆம் நூற்றாண்டில் இந்த மரத்தைச் சாயத்துக்காகக் கப்பலேற்றினார்கள். இப்போது கேட்பவர்கள் சீனாவில் மேஜை நாற்காலிக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் தண்டுக்கும். 1995 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னரில் கட்டை பிடிபட்டது என்ற செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது.

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் இருபது பேர் செத்தார்கள். எல்லாரும் தமிழர்கள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைப்பகுதிக்காரர்கள். தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள், போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது வழக்கு. மரத்தை வாங்குகிறவனும் விற்கிறவனும் அந்த இருபது பேரில் இல்லை. கோடரி பிடிக்கத் தெரிந்ததால் கூலிக்குப் போனவர்கள் அவர்கள்.

பட்டா நிலத்தில் வளர்த்து, அனுமதி வாங்கி வெட்டிய செம்மரம் சட்டப்படி உண்டு. ஆனால் கால் கிலோ துண்டுக்குக் காகிதம் எதுவும் வராது. 'ஒண்ணும் ஆகாதுங்க, சின்னத் துண்டுதானே' என்று யாராவது தருவார்கள். அந்தத் துண்டு எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்க வழியில்லை. தோடு ஜோடி 4 கிராம்கூட இருக்காது என்பது எனக்கு ஆறுதலாகப் படவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்க அத்தை ஊரு ஜவ்வாது மலைக்குக் கீழதான்" என்றார். அதோடு செம்மரப் பேச்சு முடிந்தது.

சந்தனம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முறையான வழி என்று பார்த்தால் திருப்பத்தூர், சத்தியமங்கலம் மாதிரி அரசுச் சந்தனக் கிடங்குகளில் ஏலம். வைத்திருப்பதற்கே 1970 முதல் தனி விதிகள் உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் சந்தன மாலை பெரும்பாலும் வேறு மரமும் வாசனை எண்ணெயும். ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2017-ல் ஈட்டிப் பேரினம் முழுவதும் அந்த சர்வதேசப் பட்டியலில் சேர்ந்தபோது, சிசூ மரத்தில் வேலை செய்யும் வடநாட்டுக் கைவினைக்காரர்கள் அடி வாங்கினார்கள். ஒரு பொருளுக்கு 10 கிலோவுக்குக் கீழே என்றால் அனுமதிச் சீட்டு வேண்டாம் என்ற தளர்வு 2022-ல் தான் கிடைத்தது.

அப்புறம் என்ன மரம்தான் மிச்சம்?

நல்ல நகைமரம் ஒன்று நம்மிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது: வெட்பாலை. தந்தம் போல வெளிர்நிறம், நெருக்கமான இழை. சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் ஆலே மரம் என்று கடைசலுக்கு எடுப்பது இதைத்தான். அங்கே அரக்குப் பூசிய வளையலும் காதணியும் இதில்தான் உருள்கின்றன. ஆனால் அது கடைசலுக்கான மரம், மெல்லிய கொம்பும் தண்டும்தான் கிடைக்கும். லேசருக்கு வேண்டியது 3 மி.மீ. தகடு.

இந்த 3 மி.மீ. தான் உண்மையான கஷ்டம். வால்டாக்ஸ் ரோடு, சூளைப் பக்கத்து மரக்கடைகளில் போய்க் கேட்டால் நிலைக்கும் ஜன்னலுக்கும் அளவு சொல்வார்கள். 3 மில்லிப் பலகை என்றால் சிரிப்பார்கள். வட்ட ரம்பத்தில் அறுத்தால் ரம்பத்தின் பல்லே ஏறக்குறைய 3 மி.மீ. தின்னும். பலகை ஒன்று, தூள் ஒன்று. பட்டை ரம்பம் வைத்திருப்பவர்களிடம் அறுத்து, இழைப்பு மெஷினில் விட்டுச் சமன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும். அதற்கப்புறம் சென்னை ஈரக்காற்றில் அது அப்பளமாக வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் எல்லாரும் பிளைவுட்டுக்குப் போகிறார்கள். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ஐ.எஸ். 710 போட்ட மரைன் பிளையின் பீனால் பசை கறுப்பாக, கெட்டியாக இருக்கும், லேசர் திணறும். ஐ.எஸ். 303 கமர்ஷியல் பிளை பரவாயில்லை, ஆனால் உள்ளே சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி இருந்து புட்டி அடைத்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டு இறங்காது. தோட்டின் நடுவில் அது வந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. வெளிநாட்டு பர்ச் பிளை அருமையாக வெட்டும், விலையும் அதற்கேற்ப. எம்.டி.எஃப். சுலபம், அது மர நாரும் பிசினும் சேர்த்து அழுத்தியது, ஈரம் பட்டால் ஊதும், வெட்டும்போது வரும் புகை மூச்சுக்கு நல்லதில்லை. பிவிசி ஒட்டிய எதையும் மெஷினுக்குள் வைக்கவே கூடாது. எரிந்தால் வருவது குளோரின் சேர்ந்த அமிலப் புகை, ஆளுக்கும் ஆகாது, மெஷினுக்கும் ஆகாது.

அக்கா கடைசியில் எடுத்தது மாமரமும் வேம்பும். பழ மகசூல் நின்றதும் வெட்டுகிற மாமரம் விறகுக்குப் போவதற்கு முன் மலிவாகக் கிடைக்கும். வெளிர்நிறம், கோடு பளிச்சென்று விழும். வேம்பு கொஞ்சம் செம்மை, கொஞ்சம் கனம். தெரிந்த தச்சுப் பட்டறையில் ஜன்னல் சட்டம் போக மிஞ்சிய துண்டுகளை எடைபோட்டு வாங்கி, அங்கேயே பிளந்து இழைத்து எடுத்து வந்தார். இரண்டு வாரம் மின்விசிறிக்குக் கீழே, மேலே செங்கல் வைத்துக் காய வைத்தாராம்.

போன சனிக்கிழமை முதல் தகடு மெஷினில் ஏறியது. வேப்பம் புகை கடை முழுக்க. முதல் ஜோடியைக் கையில் எடுத்ததும் ஒரு தோடு குறுக்கே மெல்லிசான இடத்தில் முறிந்துவிட்டது. மர இழை ஓடும் திசைக்குக் குறுக்கே அந்த மெல்லிய பாலம் விழுந்திருந்தது, பிளையில் இந்தத் தொல்லை கிடையாது. தம்பி கம்ப்யூட்டரில் படத்தை 90 டிகிரி திருப்பினார். அக்கா அட்டையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுறீங்கக்கா?"

"வேப்பமரம்னுதான். வேற என்ன எழுத?"